விளங்கினது ஏன் பேப்பரில் வருகுதில்லை?

கேள்வி:

மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் 8 மாதம் இருக்கிறது. விடிய 4 மணிக்கு எழுப்புகிறேன், இரவு 12 மணி வரை மேசையில்தான் இருக்கிறாள். பாடசாலை போக, கிழமைக்கு 9 ரியூசன் வகுப்பு. இரசாயனவியலுக்கு மட்டும் 2 ஆசிரியர்கள். கொப்பிகளை மூன்று நாலு தரம் வாசித்து, மூன்று நிறத்தில் கோடும் போட்டு வைத்திருக்கிறாள். ஆனாலும் போன தவணைப் பரீட்சையில் இரசாயனவியல் 38, பௌதிகவியல் 41, உயிரியல் 52. கேட்டால், "படிக்கேக்க எல்லாம் விளங்குது அம்மா, பேப்பரைக் கண்டா ஒண்டும் வருதில்லை" என்று அழுகிறாள். நான் சாதாரண தரத்தோடு நின்றவள். பாடத்தில் உதவ எனக்குத் தெரியாது. வல்லாரை கொடுக்கச் சிலர் சொல்கிறார்கள், கலைப் பிரிவுக்கு மாற்றச் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு தாய், கோண்டாவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் அழுதுகொண்டு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய உதவி. பிள்ளை சாட்டுச் சொல்லவில்லை, நடப்பதைத்தான் சொல்கிறாள். ஒரு பாடம் விளங்குவது ஒரு வேலை. கொப்பி இல்லாத இடத்தில் அதை நினைவிலிருந்து எடுத்து எழுதுவது வேறொரு வேலை. விடிய 4 மணியிலிருந்து நடுச்சாமம் வரை அவள் முதலாவது வேலையை மட்டும் பழகுகிறாள். பரீட்சை மண்டபத்தில் கேட்பது இரண்டாவதை. பழகாத வேலை அங்கே போய்த் திடீரென்று கைவராது.

கொப்பியை நாலாம் தரம் விரிக்கும்போது அந்த வரிகள் கண்ணுக்குப் பழகியவை. "ஓம், இது தெரியும்" என்று மனம் உடனே சொல்லிவிடும். பஸ்ஸில் எதிரே இருப்பவரின் முகம் நன்றாகத் தெரியும், பெயர் மட்டும் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் அல்லவா? முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பெயர் வரப்போவதில்லை. நிறம் நிறமாகக் கோடு போடுவதும் முகம் பார்க்கிற வேலைதான். 2013இல் ஜோன் டன்லொஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளரும் வேறு நால்வரும் மாணவர்கள் கையாளும் 10 படிப்பு முறைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இருந்த ஆய்வுகளை அலசினார்கள். திரும்ப வாசிப்பதும் கோடு போடுவதும் பயன் குறைந்தவை என்ற வரிசையில் போயின. மிகுந்த பயன் தருபவை என்று அவர்கள் வைத்தவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதிப்பது, இடைவெளி விட்டு மீட்டுவது. மகளின் 20 மணித்தியால நாளில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை.

இது உங்களுக்குப் புதிய விசயமில்லை. மகள் சின்ன வயதில் தேவாரம் எப்படிப் பாடமாக்கினாள் என்று நினைத்துப் பாருங்கள். விளக்கேற்றிப் புத்தகம் இல்லாமல் பாடத் தொடங்குவாள், மூன்றாம் அடியில் நிற்பாள், நீங்கள் முதற்சொல்லை எடுத்துக் கொடுப்பீர்கள், மிச்சத்தைத் தானே பாடி முடிப்பாள். அடுத்த நாள் மாலையும் அதே. நின்ற இடத்தில் கொஞ்சம் தவித்து, தானாகவே எடுத்த சொல்தான் நிலைத்தது. அந்தத் தேவாரம் இன்றைக்கும் அவளுக்கு வரும்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. 2006இல் ஹென்றி றோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதை 4 முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை வாசித்துவிட்டு, பாராமல் எழுதும் சோதனையை 3 முறை செய்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 83 வீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 வீதமும் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்து அது தலைகீழாகியது. வாசித்தவர்களிடம் 40 வீதம் மிஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. அந்த 5 நிமிடக் கணக்குத்தான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. வாசித்து முடித்த கையோடு எல்லாம் தெரிவது போலவே இருக்கும். உங்கள் மகளும் அதை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குப் போகிறாள்.

ஆகவே முதல் மாற்றம் இது. ஒரு பாடத்தை ஒரு தரம் கவனமாக, விளங்கி வாசிக்கட்டும். அதன் பிறகு கொப்பியை மூடட்டும், கோடில்லாத வெள்ளைத்தாள் ஒன்றை எடுக்கட்டும். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகான சிறுநீரகத்தியை உதாரணமாக எடுக்கிறேன். தாளின் நடுவே படத்தைப் பாராமல் வரைய வேண்டும்: கலன்கோளம், போமனின் உறை, அண்மை மடிந்த சிறுகுழாய், ஹென்லேயின் தடம், சேய்மை மடிந்த சிறுகுழாய், சேகரிக்கும் கான். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வரி. குளுக்கோசு எங்கே மீள உறிஞ்சப்படுகிறது? நீரை மீள உறிஞ்ச உதவும் ஏ.டி.எச் ஓமோன் எந்தப் பகுதியில் வேலை செய்கிறது? முதல் தரம் பாதிதான் வரும். ஹென்லேயின் தடத்தில் இறங்கும் புயத்தையும் ஏறும் புயத்தையும் மாற்றி எழுதுவாள். அது நடக்கட்டும். நின்றுவிட்ட இடத்தில் 2, 3 நிமிடம் கொப்பியைத் தொடாமல் யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் அதே தாளில் எழுத வேண்டும். 20 முதல் 25 நிமிடத்துக்குள் முடியும் வேலை.

அந்தச் சிவப்பு எழுத்துத்தான் அவள் படிக்க வேண்டிய பாடம். கறுப்பில் வந்ததை அன்றைக்கு இன்னொரு தரம் வாசிக்கத் தேவையில்லை. அடுத்த நாள் விடிய புதுத்தாளில் சிவப்பில் இருந்தவற்றை மட்டும் மீண்டும் பாராமல் எழுதட்டும். தாளைத் தேதி போட்டு வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் தரம் எழுதும்போது சிவப்பு குறைவதைக் கண்ணால் காண்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய தெம்பு.

இது பிழைக்கிற இடங்களையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் முதல் கிழமையிலேயே கைவிடுகிறார்கள். "ஒருக்காப் பாத்திட்டு எழுதுவம்" என்று தொடங்குவது முதல் பிழை. பார்த்து 1 நிமிடத்தில் எழுதுவது நினைவிலிருந்து வருவதில்லை, கண்ணில் ஒட்டியிருப்பதுதான் தாளுக்கு வருகிறது. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது இன்னொரு பிழை. மனம் "தெரியும்" என்று தாராளமாகச் சொல்லும், பேனை அப்படிச் சொல்லாது. அழகாக எழுத முயல்வதும் வேண்டாம், அந்தத் தாளைப் பார்க்கப் போவது அவள் ஒருத்திதான். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை, விளங்காத பாடத்தில் இதைச் செய்வது. அடிப்படை விளங்காமல் பாடமாக்கினால் வசனம் வரும், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டதும் கை நிற்கும். அப்படியான பாடங்களை ஒரு துண்டில் எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது மாற்றம் இடைவெளி. ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் அறிஞர் 1885இல், பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, எவ்வளவு விரைவில் மறக்கிறது என்று அளந்தார். முதல் ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகு மறதியின் வேகம் தணிந்தது. பொருள் விளங்கிப் படிப்பது அவ்வளவு விரைவில் போகாது. ஆனால் போகும் விதம் அதுதான். மறக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு தரம் முயன்று எடுத்தால், அடுத்த முறை மறக்க அதிக நாள் எடுக்கும். எவ்வளவு இடைவெளி என்பது பரீட்சை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஒரு கிழமை கழித்து வரும் சோதனைக்கு ஒரு நாள் இடைவெளியும், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து வருவதற்கு 3 கிழமை இடைவெளியும் நல்ல பலன் தந்தன. உங்கள் மகளுக்கு 8 மாதம் இருக்கிறது. ஒரே இரவில் ஒரு பாடத்தை 4 தரம் வாசிக்கிற நேரத்தை 4 வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தாலே போதும், ஒரு நிமிடமும் கூடச் செலவாகாது.

இதைத் தலையில் வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது, அதனால் ஒரு பெட்டி தேவை. 1970களில் செபஸ்தியன் லைட்னர் என்பவர் பிரபலமாக்கிய முறை இது. பிஸ்கட் தகரமோ சப்பாத்துப் பெட்டியோ போதும். மட்டையால் 5 அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். A4 தாளை மூன்று தரம் மடித்து வெட்டினால் 8 சீட்டு வரும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. புதுச்சீட்டு முதலாம் அறையில் தொடங்கும். முதலாம் அறையைத் தினமும், இரண்டாம் அறையை 3 நாளுக்கு ஒரு தரமும், மூன்றாவதைக் கிழமைக்கு ஒரு தரமும், நாலாவதை 2 கிழமைக்கு ஒரு தரமும், ஐந்தாவதை மாதத்துக்கு ஒரு தரமும் எடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும். பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதலாம் அறைக்கு வரும்.

சீட்டு எழுதுவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. "2ஆம் கூட்ட மூலகங்கள்" என்று முன்பக்கம் எழுதி, பின்பக்கம் கொப்பியின் அரைப் பக்கத்தைப் பார்த்து எழுதினால் அந்தச் சீட்டால் ஒரு பயனும் இல்லை. பாதி சொன்னால் அது சரியா, பிழையா? ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி. "2ஆம் கூட்டத்தில் கீழே போகப்போக ஐதரொட்சைட்டுகளின் கரைதிறன்?" பின்பக்கம்: "கூடும்." இன்னொரு சீட்டு: "அதே கூட்டத்தில் சல்பேற்றுகளின் கரைதிறன்?" பின்பக்கம்: "குறையும். மகனீசியம் சல்பேற்று நன்றாகக் கரையும், பேரியம் சல்பேற்று கரையாது." இந்த இரண்டையும் மாறாட்டம் பண்ணாத பிள்ளை குறைவு. அதனால் இப்படி ஒன்றுக்கொன்று குழப்பம் தருபவற்றை ஒரே நாளில் எழுதி, ஒரே நாளில் கேட்க வேண்டும். சுவாலைச் சோதனை நிறங்களுக்கும் தனித்தனிச் சீட்டு: சோடியத்துக்கு மஞ்சள், பொற்றாசியத்துக்கு ஊதா, கல்சியத்துக்குச் செங்கட்டிச் சிவப்பு, பேரியத்துக்கு அப்பிள் பச்சை. ஒரு நாளைக்கு 10 புதுச்சீட்டுக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முதல் நாளே 60 சீட்டு எழுதிய பிள்ளைகள் இரண்டாம் கிழமையில் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். முதலாம் அறையில் 40க்கு மேல் சேர்ந்தால் 3 நாளுக்குப் புதிதாக எதுவும் எழுதாமல் இருப்பதைக் கேட்டு முடிக்கட்டும்.

இனி உங்களுடைய பங்கு. பாடத்தில் உதவத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு இரசாயனவியல் தெரிய வேண்டியதில்லை, விடை சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. மாலையில் சமைக்கிற நேரத்தில் 15 நிமிடம் அவளைக் குசினிக்குள் ஒரு கதிரையில் இருத்துங்கள். சீட்டுகளை அடுப்புக்கு இந்தப் பக்கமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். தவிக்கிறாளே என்று விடையைச் சொல்லிவிடாதீர்கள். தேவாரத்துக்கு எடுத்துக் கொடுத்தது போல முதலெழுத்தை மட்டும் கொடுங்கள், ஆனால் அப்படி எடுத்துக் கொடுத்துச் சொன்ன சீட்டு முதலாம் அறையிலேயே நிற்கட்டும். சரியாகச் சொன்னால், "ஏன் அப்பிடி?" என்று ஒரு தரம் கேளுங்கள். உங்களுக்கு விளங்குகிற மாதிரி அவள் சொல்ல முயலும்போது எந்த இடத்தில் வார்த்தை தடுமாறுகிறதோ, அந்த இடத்தில்தான் அவளுக்கும் பாடம் சரியாகப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் உங்கள் கையில் இருக்கிறது. "இண்டைக்கு எத்தினை மணித்தியாலம் படிச்சனி?" என்று நாங்கள் எல்லோரும் பிள்ளைகளிடம் கேட்கிறோம். கேட்கக் கேட்கப் பிள்ளை மேசையில் இருக்கும் நேரத்தை நீட்டப் பழகுகிறது. "இண்டைக்குப் பாக்காமல் எவ்வளவு வந்தது?" என்று மாற்றிக் கேளுங்கள். 12க்கு 5 என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் சுளித்தால் அடுத்த நாள் பார்த்து எழுதி 12க்கு 12 கொண்டுவருவாள், பிறகு இந்த முறைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

பௌதிகவியல் 41க்கு வேறு காரணமும் இருக்கலாம். கணக்குச் செய்து பழகும்போது உந்தம் பற்றிய பயிற்சி முழுவதையும் ஒரு நாளிலும், சக்திக் காப்பு முழுவதையும் இன்னொரு நாளிலும் செய்கிறாளா என்று கேளுங்கள். அப்படிச் செய்தால் எந்தச் சமன்பாட்டைப் போடுவது என்று யோசிக்க வேண்டிய தேவையே வராது, பயிற்சியின் தலைப்பே அதைச் சொல்லிவிடும். பேப்பரில் தலைப்பு இருக்காது. 10 கிராம் சன்னம் ஒன்று செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்தில் வந்து, இழையில் தொங்கும் 1.99 கிலோகிராம் மரக்குற்றியில் பதிகிறது, குற்றி எவ்வளவு உயரம் எழும்? பதியும்போது உந்தம் காக்கப்படும், இயக்கசக்தி காக்கப்படாது, ஏனென்றால் மரத்தைத் துளைப்பதிலும் வெப்பத்திலும் பெரும்பகுதி போய்விடும். ஆகவே முதலில் உந்தக் காப்பு: பதிந்த பின் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். அதன் பிறகுதான் சக்திக் காப்பு: g = 10 என்று எடுத்தால் உயரம் 5 சென்ரிமீற்றர். சக்திக் காப்பை மட்டும் ஒரு கிழமையாகச் செய்து பழகிய கை, தொடக்கத்திலிருந்தே அதைப் போட்டு 10 மீற்றர் என்று விடை எழுதும். தொங்குகிற ஒரு மரக்குற்றி தென்னை உயரத்துக்கு எழுமா என்று யோசிக்கவும் நேரம் இருக்காது.

இதற்கு மருந்து கலந்து செய்வது. ஒரு இருப்பில் 8 கணக்கு என்றால் 2 புதிய பாடத்தில், மிச்சம் 6 கடந்த மாதங்களின் வெவ்வேறு பாடங்களில் இருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பேனை வைக்கமுன் "இது எந்த வகை, ஏன்?" என்று ஒரு வரி எழுத வேண்டும். கலந்து செய்யும்போது பிழை கூடும், மனமும் சோரும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் திண்மங்களின் கனவளவுக் கணக்குகளை வகை வகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 வீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60 வீதம்தான். ஒரு கிழமை கழித்து வந்த சோதனையில் பிரித்துச் செய்தவர்கள் 20 வீதத்துக்கு விழுந்தார்கள், கலந்து செய்தவர்கள் 63 வீதத்தில் நின்றார்கள். மகளுக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். பயிற்சி கஷ்டமாக இருக்கும் நாளில் பயப்படாமல் இருக்க உதவும்.

கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி 2 மாதத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். ஒரு அலகு முடிந்ததும் அந்த அலகிலிருந்து கடந்த 10 வருடங்களில் வந்த கேள்விகளை நேரம் வைத்துச் செய்யட்டும். முழுப் பேப்பர் 2 கிழமைக்கு ஒன்று போதும், கடைசி 3 மாதத்தில் கிழமைக்கு ஒன்றாக்கலாம். புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேப்பர் செய்வது, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடமாக்குவது போன்றதுதான். முதலில் முழுவதையும் எழுதி முடித்து, அதற்கு அடுத்த நாள் திட்டத்தை எடுத்து, தானே ஆசிரியராக இருந்து புள்ளி போடட்டும். ஒரு புள்ளிக்கு எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதைத் திட்டம்தான் காட்டும். "வெப்பம் வரும்" என்று எழுதியவள், அங்கே "புறவெப்பத் தாக்கம்" என்ற சொல்லுக்குத்தான் புள்ளி என்று தானே கண்டுபிடித்தால் பிறகு அதை விடமாட்டாள்.

நேரத்தையும் பழக வேண்டும். பல்தேர்வில் 50 கேள்விக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். சில கேள்விகள் 30 செக்கனில் முடியும், சில 5 நிமிடத்தை விழுங்கும். 3 நிமிடத்துக்குள் பிடி கிடைக்காத கேள்விக்கு அடையாளம் வைத்துவிட்டு நகர வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடக்கூடாது. உயிரியல் இரண்டாம் பகுதியில் 4 அமைப்புக் கட்டுரையும் 6இல் 4 கட்டுரையும் 3 மணித்தியாலத்தில் எழுத வேண்டும். புள்ளிப் பங்குப்படி கட்டுரை ஒன்றுக்கு 27 நிமிடம், அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 18 நிமிடம் வரும். முதற்கட்டுரையை 40 நிமிடம் எழுதிவிட்டுக் கடைசிக் கட்டுரையை அரைப்பக்கத்தில் விடுகிற பிள்ளைகளுக்குப் பாடம் தெரியாமலில்லை. வீட்டில் ஒருநாளும் மணிக்கூடு வைத்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பேப்பருக்குப் பிறகும் ஒரு பிழைக் கொப்பி. பக்கத்தை 3 நிரலாகப் பிரித்து, புள்ளி போன ஒவ்வொரு இடத்தையும் ஏதாவது ஒரு நிரலில் போட வேண்டும்: விளங்காதது, விளங்கியும் நினைவு வராதது, கேள்வியைச் சரியாக வாசிக்காமல் விட்டது. முதல் நிரல் ஆசிரியரிடம் போகும். இரண்டாவது சீட்டுப் பெட்டிக்குப் போகும். மூன்றாவதற்கு, "அல்லாதது எது", "பிழையானது எது" போன்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடிடும் பழக்கம் வேண்டும். கோடு போடுவதில் எனக்கு உடன்பாடான ஒரே இடம் இதுதான்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நேரம் ரியூசனில் இருக்கிறது. பாடசாலை நாளுக்கு 6 மணித்தியாலம் என்றால் கிழமைக்கு 30. ஒரு வகுப்பு இரண்டரை மணித்தியாலம், போய்வர ஒரு மணித்தியாலம் என்று வைத்தாலும் 9 வகுப்புக்கு 31 மணித்தியாலத்துக்கு மேல் போகிறது. கேட்கிற நேரம் முழுவதும் ஆசிரியர் யோசிக்கிறார், பிள்ளை எழுதுகிறாள். ஒரு மணித்தியாலம் கேட்டதற்கு ஒரு மணித்தியாலமாவது கொப்பியை மூடி வேலை செய்யாவிட்டால் கேட்டது நிற்காது. இரசாயனவியலுக்கு இரண்டாவது ஆசிரியரை நிறுத்துங்கள். இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஒரே பாடத்தை இருவர் இரு ஒழுங்கில் நடத்தும்போது, இரண்டு கொப்பியையும் நிரப்புவதிலேயே பிள்ளையின் பலம் போகிறது. எந்த ஆசிரியர் எழுதியதைத் திருத்திக் கொடுக்கிறாரோ, அவரை வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3 வகுப்பு குறைந்தால் கிழமைக்குப் பத்தரை மணித்தியாலம் கிடைக்கும். "அந்தச் சேர் கடைசியில முக்கியமான கேள்வி சொல்லுவார்" என்ற பயம் வரும். அவர் கொடுக்கும் ரியூட்டை, அதாவது பயிற்சித் தாளை, சிநேகிதியிடம் வாங்கிப் பிரதி எடுக்கலாம்.

அடுத்தது நித்திரை. 4 மணித்தியாலம் போதவே போதாது. 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவை என்பது நித்திரை மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் நித்திரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இரவு 12 வரை வாசித்துவிட்டு 4 மணிக்கு எழுந்தால் படித்ததையே பறிகொடுக்கிறோம். இரவு 9.30க்கு விளக்கு அணையட்டும், காலை 5.30க்கு எழுப்புங்கள். பாடசாலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு 25 நிமிடம் கண்ணயரட்டும், அதற்கு மேல் போனால் மந்தமாக எழும்புவாள். கைத்தொலைபேசி அவள் படிக்கிற நேரத்தில் உங்களிடம் இருக்கட்டும். வகுப்புப் பதிவுகளைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு நேரம் வைத்துக் கொடுங்கள். கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி சத்தத்தோடு சண்டை பிடிக்காமல், அந்த நேரத்தைச் சீட்டுக்கும் பல்தேர்வுக்கும் வைத்து, வெள்ளைத்தாள் வேலையை விடியப் புறத்துக்கு மாற்றலாம். வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பேப்பரில் வராத பாடத்தை வரவைக்க அதை நம்பியிருக்க வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதற்கிழமை வெள்ளைத்தாள் மட்டும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு பாடம். இரண்டாம் கிழமை பெட்டி. மூன்றாம் கிழமை கலந்த கணக்கும் பிழைக் கொப்பியும். முதல் 2 கிழமை அவளுக்கு முன்னையதை விட மோசமாகப் படிப்பது போல இருக்கும், ஏனென்றால் தெரியாதது இப்போதுதான் கண்ணில் படுகிறது. அந்த நாட்களில்தான் அவளுக்கு நீங்கள் பக்கத்தில் வேண்டும்.

பிரிவு மாற்றுவது பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். 38 என்ற எண், அவள் இரசாயனவியலுக்கு ஏற்றவளா இல்லையா என்று சொல்லவில்லை. இதுவரை படித்த முறையை மட்டும்தான் சொல்கிறது. 2 மாதம் இப்படிச் செய்துவிட்டுப் பிழைக் கொப்பியை எடுங்கள். பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் நிரலில் இருந்தால் பிரிவை மாற்றத் தேவையில்லை. மிச்சமிருக்கும் 6 மாதம் அவற்றைச் சரிசெய்யத் தாராளமாகப் போதும். 3 பாடத்திலும் முதல் நிரலே நிரம்பி, ஆசிரியர் விளக்கிய பிறகும் குறையாமல் நின்றால், அவளுக்கு விருப்பமான பாடம் எது என்று அவளிடமே கேட்டு, பாடசாலையில் வகுப்பாசிரியரோடு இருந்து பேசுங்கள். அப்போது அந்தக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள்.